மாரிக்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்: மணமில்லாத நஞ்சுக்கு எதிராக ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவில் இருக்கும் என் மைத்துனர் ஐப்பசி பிறந்தால் தவறாமல் ஒரு செய்தி சொல்வார்: "ஹீற்றரைப் பார்க்க ஆள் வந்திட்டுது, அலாரத்துக்குப் பற்றரியும் மாத்தியாச்சு." நாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சிரிப்போம். யாழ்ப்பாணத்தில் ஏது ஹீற்றர்? மார்கழி விடியற்காலையில் ஒரு போர்வையோடு தீர்ந்துவிடுகிற குளிர்தானே எங்களுடையது.

அந்தச் சிரிப்பு ஒரு கார்த்திகைப் புயலோடு நின்றது. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மழை சாய்த்து அடித்ததால் ஜெனரேற்றரைப் பின் விறாந்தைக்குள் இழுத்து வைத்து ஓட்டினோம். சாரல் வருகிறது என்று குசினிக் கதவைத் தவிர எல்லாவற்றையும் சாத்தினோம். இரவு பத்து மணிபோல் மகனுக்குச் சத்தி. மாமிக்குத் தலையிடி, ஒரு பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இருவரும் கடையில் வாங்கிய கொத்துரொட்டி சாப்பிட்டிருந்தார்கள், கடைக்காரனை நாலு வார்த்தை திட்டினேன். சிறிது நேரத்தில் எனக்கும் நெற்றிப்பொட்டு இடிக்கத் தொடங்கியது. நான் கொத்து சாப்பிடவேயில்லை. அப்போதுதான் மாமி உள்ளேயிருந்து, "தம்பி, அந்த மிசினை நிப்பாட்டு, சத்தம் தலைக்குள்ள கேக்குது" என்றார். நிறுத்தினேன். கதவுகளைத் திறந்து எல்லோரும் முன் போர்ட்டிகோவுக்கு வந்தோம். அரை மணித்தியாலத்தில் மூவருக்கும் கொஞ்சம் தெளிந்தது. கொத்துக்கடைக்காரனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஹீற்றர் பிழைத்தால் வரும் என்று மைத்துனர் பயப்படுகிற அதே வாயுதான் எங்கள் விறாந்தையிலும் வந்திருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தோம், வெளிநாட்டில் இருப்பவர்கள் கார்பன் மொனொக்சைட் என்பார்கள். விறகு, கரி, காஸ், மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல் என்று எது எரிந்தாலும், ஒட்சிசன் போதாமல் அரைகுறையாக எரிந்தால் இது உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றில் 10,000 பங்கில் 16 பங்கு இருந்தாலே இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகலாம். சின்னப் பெற்றோல் இயந்திரத்தின் புகையில் இது நூற்றுக்குச் சில பங்கு இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலில், உங்கள் வீடு மூச்சு விடுகிறதா?

அப்பாச்சி காலத்துக் குசினி வீட்டோடு ஒட்டாமல் வளவின் ஒரு பக்கம் தனியாக நின்றது. மேலே கிடுகு, சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. பொச்சுமட்டையும் பனம்மட்டையும் நாள் முழுவதும் புகைந்தாலும் அந்தப் புகை தன் பாட்டில் வெளியே போய்விடும். சீலிங் அடிக்காத ஓட்டு வீடும் அப்படித்தான், ஓட்டுக்கு ஓடு இடுக்கு உண்டு. புகையால் கண்ணும் நெஞ்சும் கெட்டது உண்மைதான். ஆனால் மூடிய அறைக்குள் வாயு தேங்கிக் கொல்வது அங்கே அரிது.

இப்போது கட்டுகிற வீடு வேறு. பிளேட் போட்ட கூரை, அலுமினிய யன்னல், கீழே றப்பர் வைத்த கதவு, அறைக்கு ஏசி. ஏசி வெளிக் காற்றைக் கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையே சுழற்றிக் குளிராக்குகிறது, அவ்வளவுதான். வீடு மாறிவிட்டது, எங்கள் பழக்கம் மாறவில்லை. கிடுகுக் குசினியில் செய்ததை டைல்ஸ் பதித்த குசினியிலும் செய்கிறோம்.

ஆகவே புரட்டாதி முடியுமுன் ஒரு மாலை ஒதுக்கி, ஒரு கொப்பியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். நெருப்பு எரியும் இடம், இயந்திரம் ஓடும் இடம் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கேள்விகள்: மழை பெய்யும்போது இது எங்கே இருக்கும்? அப்போது எந்தக் கதவு, யன்னல் சாத்தியிருக்கும்? வெயில் நாளில் வீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் சாரலும், டெங்கு நுளம்புக்குப் பயந்து ஐந்து மணிக்கே சாத்துகிற யன்னலும் சேர்ந்த வீடுதான் உங்கள் உண்மையான வீடு.

ஜெனரேற்றர்: அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த வருடத்தோடு சின்ன ஜெனரேற்றர் பல வீடுகளில் குடும்ப உறுப்பினர் ஆகிவிட்டது. வாங்கும்போது எத்தனை வாற்ஸ் என்று கேட்கிறோம், எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை.

விதி எளிது. வீட்டுக்குள், விறாந்தையில், கராஜில், படிக்குக் கீழே வைக்கக் கூடாது. கதவு, யன்னல், காற்றுத் துவாரம் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 6 மீற்றர், அதாவது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். "யன்னல் திறந்துதானே இருக்கு" என்பது சமாதானமே இல்லை. காற்றின் போக்கைப் பொறுத்து அதே யன்னலால் புகை உள்ளே வரும்.

காற்று என்றதும் எங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. மாரியில் காற்று பெரும்பாலும் வாடைப் பக்கமிருந்து, வடக்கு, வடகிழக்கிலிருந்து வீசும். ஆகவே ஜெனரேற்றர் வீட்டுக்குத் தெற்கே அல்லது தென்மேற்கே இருந்தால் புகை வீட்டைவிட்டு விலகிப் போகும். வைகாசியிலிருந்து சோளகம் அடிக்கும் மாதங்களில் இது தலைகீழ். புயல் நேரத்தில் காற்றுத் திசை மாறுவதும் உண்டு, அதனால் திசையை நம்பி 6 மீற்றரைக் குறைக்காதீர்கள். தெற்குப் பக்கம் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை இருந்தால் உங்கள் புகை அவர்களுக்குத்தான் போகும். இரண்டு பரப்புக் காணியில் இதற்கு இடம் கண்டுபிடிப்பது சிரமம். தூரம் கிடைக்காவிட்டால் அந்த வீட்டுக்கு ஜெனரேற்றர் சரிவராது என்பது என் கருத்து. இன்வேட்டரும் பற்றரியும், முடிந்தால் சோலாரும் சேர்த்தால் விளக்கு, காற்றாடி, போன் சார்ஜ் எல்லாம் நடக்கும்.

ஆட்கள் அதை உள்ளே இழுப்பதற்கு உண்மையில் மூன்று காரணங்கள்தான்: மழை, கள்ளர், சத்தம். மழைக்கு நான்கு கம்பிக் கால் நட்டு மேலே ஒரு தகரம். பக்கம் எதையும் அடைக்காதீர்கள், கிடுகுகூட வேண்டாம். கள்ளருக்கு, சீமெந்துத் தரையில் ஒரு கொக்கி பதித்துச் சங்கிலி. சத்தத்துக்குப் பெட்டி அடித்து மூடுவார்கள், அதில் இயந்திரமும் சூடேறும், எரிதலும் கெடும். படுக்கும்போது நிறுத்திவிடுவதே அதற்கு நல்ல மருந்து. ஆட்கள் நித்திரையில் இருக்கும்போது ஜெனரேற்றர் ஓடவே கூடாது என்பதை எங்கள் வீட்டில் சட்டமாக்கிவிட்டோம்.

தூரத்தில் வைத்தால் வயர் நீளும். தடிப்பான வயரும், வெளிக் கரண்டிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சும் போடுவதற்கு ஒரு நல்ல எலக்ட்ரீஷனை மழைக்கு முன்பே பிடியுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு அவர் உங்கள் போனை எடுக்கமாட்டார்.

புகையாத தணல்தான் ஆபத்து

சிரட்டைக்கரி புகையாது. அதனாலேயே அது நல்ல பிள்ளை என்ற பெயர் வாங்கியிருக்கிறது. உண்மையில் சிவந்து கனன்று கொண்டிருக்கும் கரி, காபனோரொட்சைட்டை வஞ்சகமில்லாமல் வெளிவிடுகிற பொருள்களில் ஒன்று. புகை இருந்தால் இருமிக்கொண்டு வெளியே ஓடுவோம். தணலுக்குப் பக்கத்தில் இதமாக நித்திரை வரும்.

வீட்டில் இது எங்கெல்லாம் வருகிறது? பிள்ளைக்குக் குளிக்க வார்த்துச் சாம்பிராணி காட்டும் சட்டி. நுளம்புக்குப் பொச்சும் வேப்பமிலையும் போட்டுப் புகைக்கும் தட்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முற்றத்தில் போடும் பாபிக்கியூ, பிறகு மழை தூறியதும் அதை அப்படியே விறாந்தைக்குத் தூக்கி வருவது. மழை நாளில் உடுப்புக் காய வைக்க அறைக்குள் வைக்கும் தணல்.

சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் அம்மம்மாமார் என்னை விடமாட்டார்கள், சொல்லவும் இல்லை. கதவு யன்னல் திறந்திருக்க ஒரு நிமிடம் காட்டிவிட்டு, சட்டியை உடனே முற்றத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். கட்டிலுக்குக் கீழே, தொட்டிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு அறையைச் சாத்துவதுதான் பிழை. கைக்குழந்தை வேகமாக மூச்செடுக்கும், அதனால் வாயு அதற்கு விரைவாக ஏறும். கர்ப்பிணி உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். தாய் ஓரளவு தாங்கினாலும் வயிற்றில் உள்ள சிசுவின் இரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

நுளம்புக்கு வலை போதும். பாபிக்கியூத் தணலை உள்ளே கொண்டுவராமல் அங்கேயே தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மேலே சாம்பல் பூத்திருந்தால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

குசினி

காஸ் அடுப்பில் சுவாலை நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால், சட்டியின் அடியில் கரி பிடித்தால், எரிதல் சரியில்லை. பேர்னரைக் கழற்றித் துவாரங்களை ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். அதற்குப் பிறகும் மஞ்சள்தான் என்றால் திருத்துபவரைக் கூப்பிடுங்கள். காஸ் கசிவையும் இதையும் குழப்ப வேண்டாம். சிலிண்டர் காஸுக்கு மணம் சேர்த்திருக்கிறார்கள், அது கனமானது, நிலத்தோடு படியும். காபனோரொட்சைட்டு கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், அறை முழுவதும் கலந்துவிடும்.

வருடம் முழுவதும் காஸில் சமைத்துவிட்டுப் பொங்கலுக்கோ தட்டுப்பாட்டுக்கோ மட்டும் விறகடுப்பு மூட்டுகிறவர்கள் புகைபோக்கியைப் பாருங்கள். அணில் தும்பு அடைத்திருக்கும், குருவி கூடு கட்டியிருக்கும். ஒரு நீளத் தடியில் சாக்கைச் சுற்றி இழுத்தால் தெரியும். புகைபோக்கி இல்லாத டைல்ஸ் குசினியில் விறகும் மண்ணெண்ணெய் அடுப்பும் வேண்டாம், 2022 காஸ் வரிசைக் காலத்தில் எல்லோரும் செய்தோம் என்றாலும். எக்ஸோஸ்ற் பான் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் ஒரு யன்னலையும் திறக்க வேண்டும், காற்று உள்ளே வர வழியில்லாமல் வெளியே மட்டும் தள்ள முடியாது.

காஸில் சுடுதண்ணீர் வைக்கும் கீசர் யாராவது பூட்டியிருந்தால், அது குளியலறைக்குள் இருக்கக் கூடாது. புகைக்குழாய் வெளியே போக வேண்டும்.

கிணறு

வழிகாட்டியில் கிணறு எதற்கு என்று நினைப்பீர்கள். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் இறங்கியிருக்கும்போதுதான் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவோம். இறைக்கும் மிசின் சுமார் 7 மீற்றருக்குக் கீழே இருந்து தண்ணீரை இழுக்கத் திணறும். உடனே என்ன செய்வார்கள்? மிசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் ஒரு படியிலோ பலகையிலோ இறக்கி ஓட்டுவார்கள். அந்தக் கிணறு சில நிமிடங்களில் நஞ்சுக்குழி. மிசின் நின்றதும் அதைத் தூக்கப் போகிறவர் மயங்குவார், அவரைத் தூக்கப் போகும் தம்பியும் மயங்குவார். இப்படி ஒருவர் பின் ஒருவராக இறப்பது கிணற்று விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. விளக்கு அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்று தெரியும், சரி. ஆனால் அணையாமல் எரிந்தால் காபனோரொட்சைட்டு இல்லை என்று அர்த்தமில்லை. ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு அழகாக எரியும்.

எஞ்சின் எப்போதும் மேலே, கிணற்றுக் கட்டிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். ஆழம் கூடினால் கரண்டில் ஓடும் சப்மேர்சிபிள் மோட்டரைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள், தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள். கயிறு இடுப்பில் கட்டியிருந்தால் மேலிருந்து இழுக்கலாம், அதனால் இறங்குபவர் எப்போதும் கயிற்றோடுதான் இறங்க வேண்டும்.

வாகனம்

கதவு சாத்திய கராஜில் காரையோ மோட்டார் சைக்கிளையோ ஸ்டார்ட் செய்து சூடாக்க வேண்டாம். கொழும்புப் பயணத்தில் வானை நிறுத்தி ஏசியோடு நித்திரை கொள்ளும் சாரதிகள் எஞ்சினை நிறுத்திவிட்டு யன்னலை இறக்கிக்கொள்ளட்டும்.

அலாரம்

இதைக் கண்டுபிடிக்க மூக்கால் முடியாது, கருவிதான் வழி. நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிறவர்களிடம் சொக்லேற்றுக்குப் பதில் ஒரு காபனோரொட்சைட்டு அலாரம் கேளுங்கள். உறையில் ஈஎன் (EN) 50291 அல்லது யூஎல் (UL) 2034 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகை அலாரமோ காஸ் கசிவு அலாரமோ இதைச் செய்யாது. நிறம் மாறும் அட்டையும் வேண்டாம், நித்திரையில் யார் அதைப் பார்ப்பது?

படுக்கையறைக்கு வெளியே, எல்லோருக்கும் சத்தம் கேட்கும் இடத்தில், கட்டிலில் தலை இருக்கும் உயரத்திலோ அதற்கு மேலோ வைக்கலாம். அடுப்புக்கு நேர் மேலே, குளியலறைக்குள், திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள். பின்பக்கத்தில் காலாவதி ஆண்டு அச்சடித்திருக்கும், 5 முதல் 10 வருடத்தில் உணரி செத்துவிடும். பழையதைக் கழற்றி ஊருக்கு அனுப்பி வைக்கும் அன்பான உறவினர்கள் உண்டு, அந்த ஆண்டை முதலில் பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை கீச் என்றால் பற்றரி அல்லது ஆயுள் முடிகிறது. விடாமல் அலறினால் யோசிக்காமல் வெளியே.

உடம்பு சொல்லும் அடையாளம், செய்ய வேண்டியது

தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டு, சத்தி, களைப்பு, பேச்சுக் குழறல். தடிமன், காய்ச்சல் போலவே இருக்கும், ஆனால் உடம்பு சுடாது. இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்கா? வெளியே போனால் குறைகிறதா? ஆம் என்றால் கொத்துரொட்டியைத் திட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தோல் செம்மையாகும் என்று சிலர் சொல்வார்கள், அது பெரும்பாலும் உயிர் போன பிறகு தெரிவது.

எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், நித்திரையில் இருப்பவரையும் எழுப்பித்தான். மழையில் நனைவது பரவாயில்லை. வழியில் இருந்தால் மட்டும் இயந்திரத்தை நிறுத்துங்கள், அதற்காக உள்ளே திரும்பிப் போக வேண்டாம். யாராவது மயங்கினால், குழம்பிப் பேசினால், நெஞ்சு நொந்தால், அல்லது குழந்தையோ கர்ப்பிணியோ அங்கே இருந்தால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு எலுமிச்சங்காய்த் தண்ணியோ கோப்பியோ பருக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் ஒட்சிசன் மீற்றரை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். அது 98 காட்டும். அந்தக் கருவிக்கு ஒட்சிசன் பிடித்த ஈமோகுளோபினும் இந்த நஞ்சு பிடித்ததும் ஒன்றுபோலத் தெரியும். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது தலையிடி அல்ல: "வீட்டில ஜெனரேற்றர் ஓடினது, மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில தொடங்கினது." அப்போதுதான் இரத்தத்தில் இந்த வாயுவைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்வார்கள், முகமூடியில் ஒட்சிசன் கொடுப்பார்கள். வெறும் காற்றில் இரத்தத்தில் உள்ள நஞ்சு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணித்தியாலம் எடுக்கும், முழு ஒட்சிசனில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் போதும்.

வீடு வந்த பிறகும் சில வாரங்களுக்கு ஆளைக் கவனியுங்கள். மறதி, நடையில் தள்ளாட்டம், காரணமில்லாத எரிச்சல் போன்றவை சிலருக்குப் பிந்தித் தலைகாட்டும். மாமி சாவியை வைத்த இடத்தை மறந்தால் வயசு என்று விட்டுவிடாமல், கிளினிக்கில் அந்த இரவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.